வெள்ளைப் பெயின்றில் இலக்கமிட்ட டிஸ்குகள்

ஓர் ஆவணம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுவதற்கு முன் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் சொல்லப்படவில்லை. இதை நான் நிச்சயமாகச் சொல்வேன். முப்பத்து நான்கு வருடம் அரச சேவையில் இருந்தவன், தாபன விதிக்கோவையை அடிக்குறிப்புகளோடு படித்தவன். கடிதத்துக்குத் திகதி இட வேண்டும், கோவை இலக்கம், அதாவது கோப்பின் எண், இட வேண்டும், பிரதி யார் யாருக்கு என்று கீழே எழுத வேண்டும். எழுதியது உண்மையா என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அது தானாக நடக்கும் என்று நினைத்துவிட்டார்கள், பாவங்கள்.

அப்படியான ஒரு கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் கொண்டுவந்தவர், எங்கள் ஒழுங்கையிலிருந்து இரண்டு வாய்க்கால் தள்ளி வயல் செய்யும் பெண். ஐம்பதை எட்டியவர். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கதிரையில் இருக்கச் சொன்னதையும் கேளாமல், கடிதத்தை நீட்டினார்.

"ஐயா, உதை ஒருக்கா வாசியுங்கோ. நான் வாசிச்சது சரியோ எண்டு பாக்கவேணும்."

இரண்டே வரி. அவருடைய தகப்பனாரின் பெயரில் வழங்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை என்பதை அறியத்தருகிறேன். கீழே நிர்வாக உத்தியோகத்தரின் கையொப்பம், இறப்பர் முத்திரை. முத்திரை நேராக விழுந்திருந்தது. அந்த அளவுக்குக் கவனமாகத்தான் செய்திருக்கிறார்கள்.

"சரியாத்தான் வாசிச்சிருக்கிறியள்," என்றேன்.

"அப்ப வியாழக்கிழமை நான் என்னத்தைக் கொண்டு போறது?"

வியாழக்கிழமை, தகப்பன் இறந்த பிறகு அவருடைய காணி யாருக்கு என்ற விசாரணை. நீர்ப்பாசனத் திட்டத்தில் குடியேற்றப்பட்ட முதல் ஆட்களில் ஒருவர் இவருடைய தகப்பன். தீவுப்பகுதியிலிருந்து வந்து காடு வெட்டி இரண்டு ஏக்கர் வயலாக்கியவர். அரசாங்கக் காணிக்கு உறுதிப்பத்திரம் கிடையாது, அனுமதிப்பத்திரம்தான். அதன் பின்பக்கத்தில் தனக்குப் பின் யார் என்று ஒருவரை நியமித்து வைக்கலாம். நியமனம் இல்லாவிட்டால் காணி மூத்த பிள்ளைக்குப் போகும். மூத்த பிள்ளை வவுனியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். வயலுக்குக் கடைசியாக எப்போது இறங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இராது. தகப்பன் நியமித்தது தன்னோடு நின்று வரம்பு கட்டிய இளைய மகளை.

அந்தப் பத்திரத்தைத் தகப்பன் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கிருந்தும் கொண்டுவந்தார். போன வழியில் மனைவியை இழந்தார். பத்திரத்தை இழக்கவில்லை. மீளக்குடியேறிய பிறகு வந்த ஒரு வெள்ளத்தில், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அது கூழாகிப்போனது. கடிதம் எழுதிய அந்த அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், இருந்த காணிப் பேரேடும் போரிலேயே போய்விட்டது. ஆனால் வெள்ளத்துக்கு முன்பே, கந்தோர் ஆட்கள் ஊருக்கு வந்து நடத்திய ஒரு நடமாடும் சேவையில் அந்தப் பத்திரம் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கான் செய்யப்பட்டிருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஸ்கானரின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். தகப்பனார் பத்திரத்தைக் கையிலிருந்து விட மறுத்து, மூலையைப் பிடித்தபடியே நின்றார். அவருடைய பெருவிரலும் சேர்ந்து ஸ்கானாகியது.

ஆகவே இல்லை என்பது பொய். பொய் சொன்னவருக்கே அது பொய்யென்று தெரியாத வகைப் பொய். அது ஆகவும் மோசமான வகை.

மறுநாள் புதன்கிழமை இருவரும் கந்தோருக்குப் போனோம். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றக் கந்தோர்கள் தங்களைப் பற்றியல்ல என்று ஆறுதலடைந்துவிடும்.

நிர்வாக உத்தியோகத்தர் என் காலத்தில் இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்தவர். கெட்டிக்காரி. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், கடிதத்தைக் கண்டதும் இருந்துவிட்டார்.

"சேர்வர் பழுது சேர். மூண்டு கிழமையாய் காணிப் பிரிவிலையும் தாபனப் பிரிவிலையும் ஒண்டும் திறக்குதில்லை."

"பழுது எண்டு எழுதியிருக்கலாமே பிள்ளை. இல்லை எண்டு ஏன் எழுதினீர்?"

"இப்ப இல்லைத்தானே சேர்."

"மழைக்காலத்திலை சூரியனும் இல்லை. எழுதி முத்திரை குத்துவீரோ?"

அவர் கோபிக்கவில்லை. விசாரணை உத்தியோகத்தர் ஏழு நாட்களுக்குள் பதில் கேட்டிருந்தார், ஏழாம் நாள் பதில் போயிற்று. பிந்தினால் விளக்கம் கேட்பார்கள், பிழையாய் எழுதினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம். அதை அப்போது யோசிக்கவில்லை.

"இண்டைக்கு விநியோகஸ்தரிட்டை இருந்து ரெக்னீசியன் வந்திருக்கிறார்," என்றார். "பின்னேரத்துக்கிடையில எல்லாத்தையும் புதுசா ஏத்தித் தாறன் எண்டு சொன்னவர்."

புதிதாக என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து சேர்வர் அறைக்குப் போனேன். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தார். ஒருவரும் அவரை வரச் சொல்லவில்லை, ஒருவராலும் தடுக்கவும் முடியவில்லை.

அந்தச் சேர்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் ஓடும் மென்பொருள் ஒன்று, உள்ளே பல கணினிகள் இருப்பதாகப் பாவனை செய்யும். காணிப் பிரிவுக்கு ஒரு கணினி, ஊழியர் விவகாரம் பார்க்கும் தாபனப் பிரிவுக்கு ஒரு கணினி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பது ஒரே பெட்டியும் மூன்று டிஸ்குகளும்தான். பாடப்புத்தகத்தில் வன்தட்டு என்பார்கள், கந்தோரில் எல்லோருக்கும் அது டிஸ்க். முதல் டிஸ்கில் அந்த மென்பொருள், இரண்டாவதில் காணிப் பிரிவின் முழுச் சேமிப்பு, மூன்றாவதில் தாபனப் பிரிவின் கடிதங்கள். ஒவ்வொரு டிஸ்கிலும் வயலுக்கு வரம்பு கட்டுவதுபோல எல்லை போட்டுப் பிரித்திருப்பார்கள். அப்படிப் பிரித்த துண்டுக்குப் பார்ட்டிசன் என்று பெயர்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஏழு வருடம் இந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். கணினி படித்ததால் அல்ல. அதன் கைந்நூலை முழுதாக வாசிக்கக் கூடியவர் கந்தோரில் வேறு ஒருவரும் இருக்கவில்லை என்பதால். சுற்றறிக்கை வாசித்துப் பழகியவனுக்கு எந்தக் கைந்நூலும் பெரிதல்ல. அதில் குறைந்தபட்சம் வசனங்களாவது முடியும்.

ரெக்னீசியன் வவுனியாக்காரர், நாற்பது வயது மதிக்கலாம். திரையில் ஒரு கேள்வி நின்றது, அவருடைய விரல் சுட்டியின் மேல் நின்றது.

"தம்பி, கொஞ்சம் பொறும். என்ன செய்யப்போறீர்?"

"இனிஷியலைஸ் பண்ணப்போறன் அங்கிள். ரெண்டு டிஸ்கிலையும் பார்ட்டிசன் பழுதாப்போச்சு. இதுக்கு வேறை வழியில்லை."

"அது எண்டா என்ன செய்யும் எண்டு இவவுக்குச் சொல்லும்."

அவர் பெண்ணைப் பார்த்தார். "உள்ளுக்கு இருக்கிறதைத் துடைச்சுப்போட்டுப் புதுசா வரம்பு போடுறது அக்கா. பிறகு பக்கப்பில இருந்து ஏத்தலாம்."

"பக்கப் எங்க?" என்று நான் கேட்டேன்.

"உங்கடை ஆக்களிட்டை இருக்குமே."

எங்கள் ஆட்களிடம் இருந்தது. பிரதி எடுப்பதற்கென்று வாங்கிய நான்காவது டிஸ்க், வாங்கிய நாளில் இருந்த அதே பெட்டியில், களஞ்சியசாலையில் இருந்தது. அதை வெளியே எடுக்க விநியோகக் கட்டளை வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டளையை எழுத யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே பக்கப் என்பது ஒரு வெற்று டிஸ்க். அதிலிருந்து ஏற்றினால் வெறுமை மிகச் சரியாக ஏறும்.

இதைச் சொன்னேன். ரெக்னீசியன் தோளை உயர்த்தினார்.

"டேட்டா போனது போனதுதான் அங்கிள். நான் என்ன செய்ய. பின்னேரம் நாயாத்திலை ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகவேணும்."

முப்பத்து நான்கு வருடத்தில் நான் கற்ற ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"நல்லது. ரெண்டு டிஸ்கும் திருத்த ஏலாதபடி பழுது, தகவல் மீட்க ஏலாது, உம்மடை பரிசோதனையிலை நிச்சயப்படுத்தினீர் எண்டு எழுதி, அடையாள அட்டை இலக்கத்தோடை ஒப்பம் வைச்சுத் தாரும். பிறகு அமத்தும்."

அவர் விரலை எடுத்தார்.

"நான் ஏன் ஒப்பம் வைக்கவேணும்?"

"துடைக்கிறது நீர்தானே."

"மிஸ்தான் சொன்னவா."

வாசலில் நின்ற நிர்வாக உத்தியோகத்தர், "நான் திருத்தத்தான் சொன்னனான்," என்றார்.

இவ்வளவுதான் கதை. இரண்டு ஏக்கர் வயலைத் துடைத்தெறிய இரண்டு பேர் ஆயத்தமாக இருந்தார்கள், எழுதித் தர ஒருவரும் ஆயத்தமில்லை.  

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வாசித்தேன். ரெக்னீசியன் அதை வாசித்திருக்கவில்லை. அவர்களுடைய தொழிலில் பெரும்பாலானோர் செய்தியின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், சிவப்பு என்றால் பழுது. அதில் மென்பொருள் தன் வாயால் சொல்லியிருந்தது வேறு, அதன் சாரம் இதுதான்: இரண்டாம் டிஸ்கின் முதற் பார்ட்டிசனை, அதாவது பி-1 ஐ, கண்டேன். ஆனால் அதனுள் இருக்கும் அடையாளக் குறி நான் எதிர்பார்த்த குறி அல்ல. மூன்றாம் டிஸ்கின் முதற் பார்ட்டிசன், சி-1, அதையும் கண்டேன். அதிலும் குறி வேறு. இரண்டையும் திறக்க மறுக்கிறேன். வேண்டுமானால் இவற்றை வெறுமையாக்கி என்னுடையவையாக்கித் தரவா.

பழுதான டிஸ்க் இப்படிப் பேசாது. இரண்டு டிஸ்க் ஒரே நாளில் ஒரே விதமாகப் பழுதாகவும் மாட்டாது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் திறக்கிறான், பக்கத்து வீட்டைத் தட்டினால் இந்த வீட்டுக்காரன் திறக்கிறான். வீடு இரண்டும் இடிந்துவிட்டது என்று இதற்கு யாராவது அர்த்தம் எடுப்பார்களா. ஆட்கள் வீடு மாறியிருக்கிறார்கள்.

இந்த மென்பொருள் டிஸ்குகளுக்குப் பெயர் வைக்கும் விதம் அப்படி. எது எந்த ஒழுங்கில் செருகப்பட்டிருக்கிறதோ அந்த ஒழுங்கில் ஏ, பி, சி. இன்றைக்கு இரண்டாவதாக நிற்பவன் பி. நாளைக்கு வேறொருவன் அந்த இடத்தில் நின்றால் அவன் பி. கைந்நூல் இதைப் பற்றி எச்சரிக்கிறது. இந்தப் பெயரை நம்பி எதையும் எழுதி வைக்காதே, தொழிற்சாலையில் டிஸ்குக்கு இட்ட தொடர் இலக்கம் உள்ளே பதிந்திருக்கிறது, அதைப் பெயராகப் பாவி, அது எங்கே செருகினாலும் மாறாது. தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பெட்டியை நிறுவிக் கொடுத்தவர்கள் அதை வாசிக்காமல் பி-1, சி-1 என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

இந்தப் பெயர் வைக்கும் முறையில் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்று உண்டு. போர் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் எங்களுக்கு இலக்கம் தந்ததும் இப்படித்தான், வரிசையில் நின்ற ஒழுங்கில். கூடாரம் மாற்றினால் இலக்கம் மாறும், பதிவு செய்பவர் மாறினால் இலக்கம் மாறும். ஒரே மாதத்தில் என் குடும்பம் மூன்று இலக்கமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் என் தாயார் இறந்த செய்தி எட்டு நாள் வேறொரு குடும்பத்திடம் இருந்தது. அவர்கள் பாவம், தங்களுக்கு வந்த கடிதத்தில் யாருடைய தாயோ இறந்திருக்கிறாரே என்று அந்தக் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு அப்படிச் செய்தவர்களை நான் மன்னிக்கவில்லை. இயந்திரத்துக்கு மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்.

டிஸ்குகள் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கின்றன என்று அவர்களுக்குச் சொன்னேன், பின்னால் நின்ற பெண்ணுக்கு அது விளங்கியது. அறையில் இருந்தவர்களில் முதலில் விளங்கியது அவருக்குத்தான்.

"எங்கடை வயலுக்கு அளவைக் கல்லு கிடக்கு," என்றார். "கல்லைப் பாக்காமல், இண்டைக்கு வாய்க்காலிலை ஆர் ரெண்டாவதா நிக்கிறது எண்டு பாத்தே தண்ணி விடுறது?"

ரெக்னீசியன் சிரித்துவிட்டார். பிறகு, "மாத்திச் செருகியிருந்தா, திருப்பி மாத்திச் செருகினாச் சரி அங்கிள்," என்றார். நியாயமான பேச்சு, அன்றைக்கு அவர் பேசிய முதல் நியாயமான பேச்சு. ஆனால் பெட்டி நின்ற கூட்டுக்குப் பூட்டு. அதன் திறப்பு, சாவி, களஞ்சியப் பொறுப்பாளரிடம். அவர் முல்லைத்தீவில் வேறொரு கந்தோரின் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு உறுப்பினராகப் போயிருந்தார். கதிரை, மேசை, மின்விசிறி எல்லாவற்றையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கணக்கெடுப்பு. எங்கள் கந்தோரின் கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று கேட்டேன். மூன்று கிழமைக்கு முந்தி என்றார் நிர்வாக உத்தியோகத்தர். சொன்ன பிறகு அவருடைய முகம் மாறியது.

களஞ்சியப் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் மனிதர். ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்.

"நீர் சேர்வரைக் கழட்டினனீரோ?"

"சேர்வரைக் கழட்டேல்லை சேர். அதுக்குள்ள இருக்கிற மூண்டு டிஸ்கைத்தான் கழட்டினனான். சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு."

"ஏன்?"

"இலக்கம் எழுத சேர். போன வருசம் கணக்காய்வாளர் கேட்டவர், பதிவேட்டிலை டிஸ்க் மூண்டு எண்டு தனியாக் கிடக்கு, பொருளிலை இலக்கத்தைக் காணேல்லையே எண்டு. வெள்ளைப் பெயின்ற்தான், சின்னத் தூரிகையாலை வடிவா எழுதினனான். மதிலிலை வைச்சு வெயிலிலை காயவிட்டுப்போட்டுத்தான் திரும்பப் போட்டது."

ரெக்னீசியன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த ஒழுங்கிலை போட்டனீர்?"

"இலக்க ஒழுங்கிலைதான் சேர்." குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "முந்தி ஒழுங்கில்லாமல் கிடந்தது. பதிவேட்டின்ரை படி பாத்தா நடுவிலை இருந்தது கடைசிக்கு வரவேணும். நான் சரிப்படுத்திப்போட்டன்."

"டிஸ்கையெல்லாம் கழட்டி இலக்கம் எழுதச் சொல்லி உமக்கு எந்த முட்டாள் சொன்னது?"

 அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"சேர், பதிவேட்டின்ரை முதல் பக்கத்திலை ஒட்டிக் கிடக்கே. கழற்றக்கூடிய உறுப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனி இலக்கம் இடப்படல் வேண்டும், பொருட்கள் இலக்க ஒழுங்கிலேயே வைக்கப்படல் வேண்டும் எண்டு. உங்கடை ஒப்பம்தான் சேர்."

என்னுடைய ஒப்பம்தான். நினைவிருக்கிறது. ஜெனரேற்றரின் பற்றரியை யாரோ கழற்றிக்கொண்டு போய்ப் பழைய பற்றரியை வைத்த காலத்தில் எழுதினேன். நல்ல பணிப்புரை என்றுதான் நினைத்தேன், அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. எந்தப் பொருளுக்கு, எந்தப் பொருளுக்கு அல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. கழற்றி மாட்டினால் உயிர்போகும் பொருளும் கந்தோரில் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அந்தப் பெட்டியின் கைந்நூலை எழுத்தெழுத்தாக வாசித்த அதே நான்தான். பி-1 என்று நிறுவியவர்கள் எழுதியதை ஏழு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். ஓடுகிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

நிர்வாக உத்தியோகத்தர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது மரியாதை. அந்த மரியாதை எனக்கு அறைந்ததுபோல இருந்தது.

"சரி, வையும்," என்று தொலைபேசியை வைத்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவரிடம் இன்றுவரை கேட்கவில்லை.

திறப்பு வரப் பின்னேரம் ஆகும் என்பதால் விசைப்பலகையில் செய்யக்கூடியதைச் செய்தோம். ரெக்னீசியனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஒப்பம் கேட்டு மடக்கிய பிறகு அவர் நல்ல வேலைக்காரராக இருந்தார், இதை எழுதத்தான் வேண்டும். எதையும் எழுதாமல் வாசிக்க மட்டும் என்ற கட்டளையோடு, இப்போது சி என்று நிற்கும் டிஸ்கின் பார்ட்டிசனைத் திறந்து பார்த்தார். கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் காணிப் பிரிவின் கோப்புறைகள் வரிசையாக இருந்தன. ஒன்றும் சாகவில்லை. மூன்று கிழமையும் உள்ளே இருந்து, தன் பெயரை யாராவது சரியாகக் கூப்பிடுவார்களா என்று பார்த்திருந்தன.

பிறகு மென்பொருளின் அமைப்பில் பி-1 என்ற பெயரை அழித்து, அந்த இடத்தில் தொழிற்சாலைத் தொடர் இலக்கத்தால் ஆன நீளப் பெயரை எழுதினோம். சி-1 க்கும் அவ்வாறே. டிஸ்கின் வெளியில் ஒட்டியிருந்த தொடர் இலக்கத்தின் மேலேதான் களஞ்சியப் பொறுப்பாளர் வடிவாகப் பெயின்ற் அடித்திருந்தார் என்பது கூட்டைத் திறந்த பிறகு தெரிந்தது. நல்ல வேளை, உள்ளே பதிந்ததற்குத் தூரிகை எட்டவில்லை. நான் இலக்கத்தை வாசித்தேன், அவர் தட்டினார், பிறகு அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். இரண்டு முறை. காணிப் பிரிவின் கணினி எழும்பியது.

தகப்பனாரின் பத்திரத்தைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. முன்பக்கத்தின் இடது மூலையில் அந்தப் பெருவிரல். பின்பக்கத்தில் நியமனம், பெண்ணின் முழுப் பெயர், உறவுமுறை மகள், அந்தக் காலத்துக் காணி உத்தியோகத்தரின் ஒப்பம்.

பெண் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி நிர்வாக உத்தியோகத்தரைப் பார்த்தார்.

"உதுக்குள்ளைதானே கிடந்தது. மூண்டு தரம் வந்தனான். மூண்டு தரமும் இல்லை எண்டு சொன்னியள். கடைசியா, என்னட்டை ஒரு ஆவணமும் இல்லை எண்டு எழுதி ஒப்பம் வைச்சுத் தரச் சொல்லியும் கேட்டியள்."

இது எனக்குப் புதிய செய்தி.

"உண்மையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"கோவையை முடிக்க அப்பிடி ஒரு கடிதம் எடுக்கிறது வழக்கம்தானே சேர்."

வழக்கம்தான். அந்தப் பெண் அதில் ஒப்பம் வைத்திருந்தால் தகப்பன் இடுப்பில் கட்டிக் கொண்டுவந்ததை மகளே இல்லையென்று எழுதியிருப்பார், ஆயிரம் ஸ்கானும் அதற்குப் பிறகு உதவாது. ஏன் வைக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "இருக்கிறதை இல்லையெண்டு ஏன் சொல்லுவான்," என்றார். நிர்வாகச் சட்டம் அதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடாது.

இன்னும் ஒரு முடிச்சு மிஞ்சியிருந்தது. இல்லை என்ற கடிதம் விசாரணை உத்தியோகத்தரின் கோவையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஓர் அலுவலகக் கடிதத்தை ஒரு பிரதி வெல்லாது, அதே கையொப்பத்தோடு வரும் இன்னொரு கடிதம்தான் வெல்லும். இன்ன திகதிய கடிதம் தவறானது, இத்தால் மீளப்பெறப்படுகிறது என்று நிர்வாக உத்தியோகத்தர் எழுத வேண்டும். தவறானது என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார்.

"மேலதிக தகவல் கிடைத்துள்ளது எண்டு போட்டாக் காணாதே சேர்?"

"மேலதிகமா ஒண்டும் கிடைக்கேல்லை. முந்தி இருந்ததுதான் இருக்கு."

"என்ரை தனிப்பட்ட கோவைக்குப் போகும் சேர். அடுத்த வருசம் பதவியுயர்வுக்கு நேர்முகம்."

 பெண் நிர்வாக உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மதியம் சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. அலுவலர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரெக்னீசியன் நாயாற்றுக்குப் போகும் வழியில் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார். நான் வாசலில் நின்று, என்னுடைய பணிப்புரையால்தான் டிஸ்குகள் மாறின என்று ஒரு வாக்குமூலத்தை வெள்ளைத்தாளில் எழுதி, திகதியிட்டு, ஒப்பம் வைத்து மேசையில் வைத்தேன். ஓய்வூதியக்காரனின் கோவைக்கு எது போனால் என்ன. நிர்வாக உத்தியோகத்தர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தட்டெழுத்துக்காரியைக் கூப்பிட்டார். தவறானது என்றே எழுதினார். கெட்டிக்காரி என்று சொன்னேனே, தொடக்கத்தில் கொஞ்சம் பிந்தும்.

வியாழக்கிழமை விசாரணையில் அண்ணன் ஒரு சட்டத்தரணியோடு வந்திருந்தார். விசாரணை உத்தியோகத்தர் ஒரு கையில் முதற் கடிதமும் மறு கையில் மீளப்பெறும் கடிதமும் வைத்துக்கொண்டு, "இதில எது சரி?" என்று கேட்டார். நிர்வாக உத்தியோகத்தர் எழுந்து இரண்டாவது என்றார். பிரதி, அலுவலகப் பதிவின்படி சரியானது என்று உறுதிப்படுத்தப்பட்டு முன்வைக்கப்பட்டது. சட்டத்தரணி மூலப்பத்திரம் எங்கே என்றார். வெள்ளம் என்றார் பெண். அண்ணன் பிரதியை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் முன்பக்கத்தைத்தான் பார்த்தார், நியமனம் இருந்த பின்பக்கத்தை அல்ல.

"இது அப்புவின்ரை விரல்," என்றார் தங்கையிடம்.

"ஓம்," என்றார் பெண். "நீ கடையில நிண்ட காலம்."

நியமனத்தின்படி இளைய மகளைப் பின்னுரித்தாளராகப் பதியுமாறு கட்டளை எழுதப்பட்டது. அண்ணன் மேன்முறையீடு செய்யலாம் என்று விசாரணை உத்தியோகத்தர் விதிப்படி அறிவித்தார். அண்ணன் செய்யவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

வெளியே வந்ததும் பெண் நேரே எதிர்க்கடைக்குப் போய்க் கட்டளையையும் பத்திரத்தின் பிரதியையும் மூன்று செட் போட்டோக்கொப்பி எடுத்தார். மூன்றையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டினார். உறைகளின் மேல் ஒன்றும் எழுதவில்லை.

"ஒண்டு நான் வைச்சிருக்கப்போறன். ஒண்டு கனகராயன்குளத்திலை சின்னம்மா வீட்டை."

"மற்றது?" என்று கேட்டேன்.

அவர் மூன்று உறைகளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. நீங்கள் உதவி செய்தனீங்கள்தான். ஆனா நீங்களும் கந்தோர் ஆள். அது உங்களுக்குத் தெரியத் தேவையில்லை."